பழைய காருக்கு அதன் காலத்து ரேடியோ: தேர்ந்தெடுப்பது முதல் பொருத்துவது வரை முழுமையான வழிகாட்டி

பழைய காரைச் சீரமைப்பவர்களில் பலர் ரேடியோவைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். நினைத்ததும் முகப்பின் அழகைப் பார்த்து ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். வோல்ட் ஒத்துவரவில்லை, டேஷ்போர்டின் துவாரத்தில் உட்காரவில்லை, வாங்கிய பெட்டிக்கு இன்னொரு பாதியும் இருந்திருக்கிறது, அந்த அலையில் கேட்பதற்கு நிலையமே இல்லை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது. இவற்றில் எதுவும் கண்டுபிடிக்கக் கடினமானது இல்லை. வாங்கும் முன் பார்க்க வேண்டியதை வாங்கிய பின் பார்ப்பதால்தான் பணமும் உழைப்பும் வீணாகின்றன.

ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். முதல் எட்டு படிகளையும் முடிக்கும்வரை எந்த ரேடியோவுக்கும் பணம் கொடுக்க வேண்டாம். 1940களிலிருந்து 1980களின் தொடக்கம் வரையிலான கார்களை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

1. முன்கூட்டியே திரட்டிக்கொள்ள வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், வெர்னியர் அல்லது இரும்பு அளவுகோல், டார்ச், தடித்த அட்டை, கத்தரிக்கோல் ஆகியவை முதல் கட்டத்துக்குப் போதும். ரேடியோ கைக்கு வந்த பிறகு, மின்னோட்டத்துக்கு எல்லை வைக்கக்கூடிய ஒரு மேசை மின்வழங்கியும் சோதனைக்கென்று ஒரு ஸ்பீக்கரும் தேவைப்படும். காரின் பேட்டரியிலிருந்தே நேரடியாகச் சோதித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பழுதான ரேடியோ ஒன்று பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்னோட்டத்தையும் இழுத்துக்கொள்ளும், அதைத் தடுக்க அங்கே எதுவும் இருக்காது.

காரைப் பற்றிய தாள்கள் அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுக்குரிய விற்பனைக் கையேடு, உதிரிபாகப் பட்டியல், வயரிங் வரைபடம் ஆகிய மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

2. எந்த அளவுக்குப் பொருத்தம் வேண்டும் என்று முடிவுசெய்தல்

காலத்துக்கு உரிய ரேடியோ என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு நிலைகளைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறியபோது அதில் இருந்த அதே மாடல். இரண்டாவது, அந்த ஆண்டில் விற்பனையாளரோ உரிமையாளரோ பொருத்தியிருக்கக்கூடிய, அப்போது சந்தையில் இருந்த ஏதேனும் ஒரு மாடல். மூன்றாவது, வெளித்தோற்றம் அந்தக் காலத்ததாகவும் உள்ளே இருக்கும் மின்னணுப் பகுதி இன்றையதாகவும் இருப்பது.

கண்காட்சியில் மதிப்பெண்ணுக்கு நிற்கும் காருக்கு முதல் நிலைதான் வேண்டும். மற்றபடி, இரண்டாவது நிலையே பெரும்பாலான கார்களுக்கு நேர்மையானது என்பது என் கருத்து. ஏனெனில் அன்றைய பிரிட்டிஷ், ஐரோப்பிய கார்களில் ரேடியோ என்பது பெரும்பாலும் விற்பனையாளரிடம் தனியாகப் பொருத்திக்கொண்ட துணைப்பொருள்தான். தினமும் ஓட்டிப் பாட்டுக் கேட்க வேண்டும் என்பவருக்கு மூன்றாவது நிலை. இந்த முடிவை முதலில் எடுத்துவிட்டால், ஒரே ஓர் அரிய மாடலைத் தேடிப் பல மாதம் அலைவதா அல்லது பத்து மாடல்களில் ஒன்றை எடுத்துக்கொள்வதா என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

3. காரின் ஆவணங்களையும் டேஷ்போர்டையும் படித்தல்

சில நிறுவனங்களின் தாள்களில் ரேடியோ நேரடியாகவே குறிக்கப்பட்டிருக்கும். மெர்சிடிஸ் கார்களின் தரவு அட்டையில் சிறப்புப் பொருத்தங்கள் குறியீட்டு எண்களாக உள்ளன. போர்ஷே கார்களுக்குக் கார்டெக்ஸ் எனப்படும் அட்டை உண்டு. பல அமெரிக்க கார்களில் இருக்கைக்கு அடியிலோ பெட்ரோல் டேங்கின் மேலோ தொழிற்சாலைத் தாள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். பிரிட்டிஷ் கார்களுக்கு வழங்கப்படும் பாரம்பரியச் சான்றிதழில் தொழிற்சாலையில் பொருத்தியவை மட்டுமே இருக்கும். அதில் ரேடியோ இல்லை என்பதால் காரில் ரேடியோவே இருந்ததில்லை என்று முடிவுசெய்யக் கூடாது.

அடுத்து டேஷ்போர்டைப் பாருங்கள். ரேடியோ இல்லாத கார்களுக்கு அந்த இடத்தை மூட ஒரு தகடு கொடுத்திருப்பார்கள். அந்தத் தகடு இன்னும் இருக்கிறதா, அதன் பின்னால் துவாரம் தொழிற்சாலை விளிம்போடு இருக்கிறதா அல்லது பிற்காலத்தில் யாராவது அறுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்களா என்று டார்ச் வைத்துப் பாருங்கள். அச்சில் வெட்டிய விளிம்பு நேராகவும் மூலைகள் ஒரே வளைவாகவும் இருக்கும். அரம் அல்லது ரம்பம் பட்ட விளிம்பில் கோடுகளும், பெயின்ட் இல்லாத பளபளப்பும், அதன்மேல் துருவும் தெரியும். ஏரியல் துளை, ஸ்பீக்கர் வலை, ஃப்யூஸ் பெட்டியில் பயன்படாமல் கிடக்கும் இணைப்பு ஆகியவையும் சாட்சிகளே. இவற்றையெல்லாம் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. மின்னழுத்தமும் எர்த்தும்

இங்கே நிதானமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் படியில் செய்யும் தவறு ஒரே நொடியில் ரேடியோவைக் கொன்றுவிடும்.

முதல் கேள்வி, கார் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது. அமெரிக்காவில் கேடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் ஆகியவை 1953 மாடலிலும், ஷெவ்ரோலே 1955 மாடலிலும், ஃபோர்டு 1956 மாடலிலும் 12 வோல்ட்டுக்கு மாறின. அமெரிக்காவுக்குச் சென்ற ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1967 மாடலில்தான் மாறியது. ஆனால் இடையில் எத்தனையோ கைகள் மாறியிருக்கும் என்பதால் புத்தகத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 7 வோல்ட் காட்டினால் 6 வோல்ட் கார். 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் 12 வோல்ட் கார்.

இரண்டாவது கேள்வி, பேட்டரியின் எந்த முனை காரின் உடலோடு இணைந்திருக்கிறது என்பது. 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த். ஜாகுவார் ஈ டைப்பில் 3.8 லிட்டர் இன்ஜின் உள்ளது பாசிட்டிவ் எர்த், 4.2 லிட்டர் உள்ளது நெகட்டிவ் எர்த், எம்.ஜி.பி 1967ஆம் ஆண்டின் இறுதியில் மாறியது. 6 வோல்ட் காலத்து ஃபோர்டு கார்களும் பாசிட்டிவ் எர்த்தான். பின்னால் வந்த உரிமையாளர்கள் பலர் இதை மாற்றியமைத்திருக்கிறார்கள், எச்சரிக்கைச் சீட்டு எதுவும் ஒட்டாமலே. மீட்டரின் கறுப்பு முனையைக் காரின் உடலிலும் சிவப்பு முனையை ஃப்யூஸ் பெட்டியிலும் வைத்துப் பாருங்கள்: கழித்தல் குறி தோன்றினால் அது பாசிட்டிவ் எர்த்.

இதற்கு ஏன் இவ்வளவு கவனம் என்றால், ரேடியோவின் உலோகக் கூடே அதன் எர்த் முனை. டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தலைகீழ் முனையில் இணைத்தால் டிரான்சிஸ்டர்கள் உடனே போய்விடும். டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல்களான வால்வுகளால் ஆன ரேடியோக்களில், தனியாக ரெக்டிஃபயர் (மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசை ஆக்கும் பாகம்) உள்ளவை பெரும்பாலும் எந்த எர்த்திலும் வேலை செய்யும்; வைப்ரேட்டரே (பேட்டரி மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் பாகம்) ரெக்டிஃபயர் வேலையையும் செய்யும் வகை மட்டும் முனை பார்க்கும். 1960களின் பிரிட்டிஷ் ரேடியோக்கள் பலவற்றில், ரேடியோமொபைல் மாடல்கள் உட்பட, எர்த்தை மாற்றிக்கொள்ள ஒரு சிறு பிளக்கோ சுவிட்சோ இருக்கும். பொருத்தும் முன் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கூட்டைக் காரின் உடலில் படாமல் ரப்பர் வைத்துத் தனிமைப்படுத்தி, எதிர் முனை ரேடியோவை ஓட்டிவிடலாம் என்று ஒரு யோசனை அடிக்கடி சொல்லப்படுகிறது. அதைச் செய்யாதீர்கள். ஏரியல் கம்பியின் வெளிப்பின்னல் காரின் உடலோடு இணைந்தது, ரேடியோ கூட்டோடும் இணைந்தது. ஏரியலைச் செருகிய கணத்தில் பேட்டரி குறுக்கிணைந்து அந்தப் பின்னல் சிவக்கச் சூடாகும்.

6 வோல்ட் ரேடியோவை 12 வோல்ட் காரில் வைக்க வேண்டியிருந்தால் மின்தடை போட்டுக் குறைக்கும் வழி சரிவராது. 6 வோல்ட் வால்வு ரேடியோ 6 முதல் 8 ஆம்பியர் வரை எடுக்கும். வால்வுகள் சூடாகும்போதும் ஒலி கூடும்போதும் இழுக்கும் அளவு மாறிக்கொண்டே இருப்பதால் மின்னழுத்தமும் ஊசலாடும். நிலைப்படுத்தப்பட்ட மாற்றிதான் வேண்டும், அதுவும் ரேடியோ அலைவரிசையில் இரைச்சல் கொடுக்காத வகையாக. அதைவிட 12 வோல்ட் மாடலையே தேடுவது எளிது.

5. இடத்தை அளத்தல்

1980களில் நிலைபெற்ற 182 மில்லிமீட்டர் அகலமும் 53 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட செவ்வகத் துவாரம் எல்லாக் கார்களுக்கும் பொது என்று புதியவர்கள் எண்ணுகிறார்கள். அதற்கு முந்தைய ரேடியோக்களில் இருபுறமும் குமிழ்கள் மாட்டும் இரண்டு தண்டுகள், நடுவில் முன்துருத்திய மூக்கு என்ற அமைப்பே பரவலாக இருந்தது. அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சில கார்களில் மாடலுக்கு மாடலே மாறும்.

ஐந்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: தண்டுகளின் மையத்திலிருந்து மையத்துக்கான தூரம், நடுத்துவாரத்தின் அகலம், அதன் உயரம், டேஷ்போர்டு தகட்டின் தடிமன், பின்னால் உள்ள ஆழம். ஆழத்தில்தான் ஏமாற்றம் அதிகம். ஹீட்டர் குழாய், வைப்பர் இயந்திரத்தின் கம்பி, கண்ணாடிக்கு அடியில் செல்லும் இரும்புப் பட்டை ஆகியவை எங்கே குறுக்கிடும் என்று முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. வாங்க நினைக்கும் மாடலின் அளவில் அட்டைப்பெட்டி ஒன்று செய்து, டேஷ்போர்டுக்குக் கீழிருந்து மேலே ஏற்றிப் பாருங்கள். பின்பக்கம் பிளக்குகளுக்கும் கம்பி வளைவுக்கும் இன்னும் மூன்று விரல் இடம் விடுங்கள்.

இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர்தானே என்று டேஷ்போர்டை அரத்தால் தேய்ப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. ரேடியோவை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அறுத்த தகட்டை ஒட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது தகரவேலை தெரிந்தவருக்கே பெரும்பாடு. பொருந்தாத ரேடியோவை விட்டுவிடுங்கள், அல்லது டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அன்று அவ்வாறு பொருத்துவதும் சாதாரண வழக்கமே.

6. எந்த அலையில் என்ன கேட்கும் என்று பார்த்தல்

ரேடியோ சரியாக இயங்கினாலும் அந்த அலையில் நிலையம் இல்லாவிட்டால் என்ன பயன்? ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்ஃபுங்க் நெட்டலையை 2014 இறுதியிலும் மத்திய அலையை 2015 இறுதியிலும் நிறுத்தியது. ஃபிரான்ஸ் இன்டர் 2016 இறுதியில் நெட்டலையை விட்டது. நார்வேயில் தேசிய வானொலிகள் 2017இல் பண்பலையிலிருந்தே வெளியேறிவிட்டன. கார் ஓடப்போகும் பகுதியில் இன்று எந்த அலை உயிரோடு இருக்கிறது என்பதை முதலில் ஒரு சாதாரணக் கையடக்க ரேடியோவில் பகலிலும் இரவிலும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

பிறகு ரேடியோவின் முகப்பைப் படியுங்கள். ஜெர்மானியப் பொத்தான்களில் எம் என்பது மத்திய அலை, எல் நெட்டலை, கே சிற்றலை, யூ பண்பலை. யூ பொத்தான் இருப்பதைப் பார்த்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். 1950களிலும் 60களிலும் வந்த பல ஐரோப்பிய ரேடியோக்களின் பண்பலை 100 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதற்குப் பின் வந்த சில 104 வரை போகும். உங்களுக்குப் பிடித்த நிலையம் 106இல் இருந்தால் அது அந்த ரேடியோவில் வராது. ஜப்பானிய உள்நாட்டு மாடல்களின் பண்பலை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90இல் முடியும்.

எண்களில் அலைவரிசை காட்டும் 1970களின் இறுதி, 80களின் மாடல்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்க மாடல்கள் மத்திய அலையில் 10 கிலோஹெர்ட்ஸ் படிகளில் தாவும். உலகின் பெரும்பகுதியில் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ளன. பின்பக்கம் மாற்றுச் சுவிட்ச் இல்லாவிட்டால் பல நிலையங்களில் சரியாக நிற்கவே முடியாது. முள் நகரும் பழைய ரேடியோக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

7. ரேடியோவின் வயதை உறுதிசெய்தல்

விற்பவர் சொல்லும் ஆண்டு பெரும்பாலும் ஊகம்தான். தொழில்நுட்பம் எப்போது வந்தது என்பதை வைத்து முதல் சல்லடை போடலாம். காருக்கான பண்பலை ரேடியோவை பிளாபுங்க்ட் 1952இல் கொண்டுவந்தது. ஆகவே 1950 காரில் பண்பலை இருந்தால் அது பின்னால் வந்தது. வால்வே இல்லாத, முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன கார் ரேடியோவை கிரைஸ்லரும் ஃபில்கோவும் 1955இல் அறிவித்தன. எட்டு டிராக் டேப் ஃபோர்டின் 1966 மாடல்களில் வந்தது. காம்பாக்ட் கேசட்டே 1963இல்தான் பிறந்தது என்பதால் அதற்கு முந்தைய காரில் கேசட் துவாரம் காலப் பிழை.

அமெரிக்க ரேடியோக்களில் ஒரு நல்ல அடையாளம் உண்டு. 1951 முதல் 1963 வரை அங்கே கோனல்ராட் என்ற அவசரகால ஒலிபரப்பு ஏற்பாடு இருந்தது. அதற்காக 1953 முதல் 640, 1240 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு இடங்களிலும் முகப்பில் சிறு முக்கோணக் குறி அச்சிட்டார்கள். 1958 காருக்கென்று ஒருவர் விற்கும் அமெரிக்க ரேடியோவில் அந்த இரு குறிகளும் இல்லையென்றால் சந்தேகப்படலாம். 1968 காருக்கென்று விற்கும் ரேடியோவில் அவை இருந்தாலும் அப்படியே.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் மூடியைக் கழற்றி ஒலிக் கட்டுப்பாட்டின் பின்புறத்தைப் பாருங்கள். அமெரிக்கப் பாகங்களில் அங்கே ஆறு அல்லது ஏழு இலக்க எண் பதித்திருக்கும். உதாரணமாக 1376512 என்று இருந்தால், 137 என்பது சி.டி.எஸ் நிறுவனத்தின் குறியீடு, 65 ஆண்டு, 12 அந்த ஆண்டின் வாரம். ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்திலும் இதே முறை உண்டு. 220 என்று தொடங்கினால் அது ஜென்சன். பாகம் தயாரானதற்கும் ரேடியோ தயாரானதற்கும் இடையில் சில வாரங்களோ மாதங்களோ கடந்திருக்கும். எனவே பாகத்தின் தேதி காரின் தேதிக்குச் சற்று முந்தியிருந்தால் சரி, பிந்தியிருந்தால் அந்தப் பாகமோ ரேடியோவோ மாற்றப்பட்டது என்று பொருள். ஒரே ஒரு பாகத்தை வைத்து முடிவுகட்டாமல் மூன்று நான்கு பாகங்களின் எண்களை ஒப்பிடுங்கள், ஏனெனில் ஒலிக் கட்டுப்பாடு பழுதுபார்க்கும்போது அடிக்கடி மாற்றப்படும் பாகம்.

8. வாங்கும் முன் கையால் பரிசோதித்தல்

முதல் கேள்வி, ரேடியோ முழுமையாக இருக்கிறதா என்பது. 1950களின் வால்வு ரேடியோக்கள் பல இரண்டு பெட்டிகளாக வந்தன: டேஷ்போர்டில் தெரியும் தலைப்பகுதி ஒன்று, மின்வழங்கியும் ஒலியைப் பெருக்கும் சுற்றும் அடங்கிய பெட்டி இன்னொன்று, இரண்டையும் இணைக்கும் பல முனைக் கம்பி. ஐரோப்பிய மாடல்களில் இது சாதாரணம். தலைப்பகுதி மட்டும் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவர், மீதிப் பாதிக்காக அதைவிடப் பல மடங்கு செலவழிக்க நேரிடும். பின்பக்கத்தில் பல முனை சாக்கெட் ஒன்று வெறுமையாக இருந்தால் மீதி எங்கே என்று கேளுங்கள்.

அடுத்து, கிடைக்காத பாகங்களைப் பாருங்கள். கெப்பாசிட்டரும் வால்வும் கிடைக்கும். உடைந்த முகப்புக் கண்ணாடி, அழிந்த எழுத்து, காணாமல்போன குமிழ், தேய்ந்த பொத்தான் முனை ஆகியவை கிடைக்காது. ஆகவே வேலை செய்யாத ஆனால் முகப்பு முழுமையான ரேடியோ, வேலை செய்கிற ஆனால் முகப்பு கெட்ட ரேடியோவைவிட மேலானது.

பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். முள் ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். வழுக்கினால் உள்ளே உள்ள பிடிப்புத் தேய்ந்திருக்கிறது அல்லது கிரீஸ் கெட்டியாகிவிட்டது. இரண்டாவதானால் சுத்தம் செய்தால் போதும்.

9. முதன்முறை மின்சாரம் கொடுத்தல்

பல ஆண்டுகள் கிடந்த வால்வு ரேடியோவுக்கு எடுத்த எடுப்பில் மின்சாரம் கொடுக்கக் கூடாது. பேட்டரியின் 6 அல்லது 12 வோல்ட்டை வைப்ரேட்டர் வெட்டி வெட்டி அனுப்ப, டிரான்ஸ்ஃபார்மர் அதை 200 வோல்ட்டுக்கு மேல் உயர்த்துகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் குறுக்கே பஃபர் கெப்பாசிட்டர் என்ற ஒன்று உண்டு. வைப்ரேட்டர் முனைகள் திறக்கும்போது எழும் மின்வீச்சைத் தாங்குவது அதன் வேலை. அது பழுதானால் வைப்ரேட்டர் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும், சில வேளை டிரான்ஸ்ஃபார்மரும் எரியும். பழைய பஃபர் நன்றாக இருக்கிறதா என்று ஆராய்வதில் நேரத்தைச் செலவிடாமல் மாற்றிவிடுங்கள். அதே மைக்ரோஃபாரட் மதிப்பு, 1600 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்கும் வகை. மதிப்பைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அது அந்த டிரான்ஸ்ஃபார்மரோடு இசைந்து கணக்கிடப்பட்டது.

மின்வழங்கியில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் அப்போதே மாற்றுங்கள். வீட்டு வால்வு ரேடியோக்களில் மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் இங்கேயும் அதைச் செய்ய முனைகிறார்கள். வைப்ரேட்டர் குறைந்த மின்னழுத்தத்தில் ஒழுங்காகத் துடிக்காமல், முனைகள் மூடிய நிலையில் நின்று பெரும் மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே பாகங்களை மாற்றிவிட்டு முழு மின்னழுத்தத்தையே கொடுங்கள், மின்னோட்ட எல்லையோடு. மெல்லிய ரீங்காரம் கேட்டால் வைப்ரேட்டர் இயங்குகிறது. ரீங்காரமின்றி மின்னோட்டம் ஏறினால் உடனே நிறுத்துங்கள். இயங்காத வைப்ரேட்டருக்குப் பதிலாக அதே சாக்கெட்டில் செருகும் மின்னணு மாற்றுகள் உள்ளன. வெளியில் தெரியாத இடம் என்பதால் காலப் பொருத்தத்துக்கு இதனால் குறை வராது. 200 வோல்ட் உயிருக்கு ஆபத்தானது, அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும் என்பதை மறக்கவே கூடாது.

1950களின் பிற்பகுதியில் வந்த இடைப்பட்ட வகை ரேடியோக்களில் வைப்ரேட்டர் கிடையாது. வால்வுகள் 12 வோல்ட்டிலேயே இயங்கும், ஒலியை மட்டும் ஒரு டிரான்சிஸ்டர் பெருக்கும். பராமரிக்க எளிது என்பதால், ஆண்டு ஒத்துவந்தால் தொடக்கநிலையாளருக்கு இந்த வகையைத்தான் பரிந்துரைப்பேன்.

10. ஸ்பீக்கரைப் பொருத்தம் பார்த்தல்

வால்வு ரேடியோக்களுக்குப் பொதுவாக 3 முதல் 4 ஓம் ஸ்பீக்கர். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த 1960களின் டெல்கோ டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் பலவற்றுக்கு 10 ஓம். இன்றைய 4 ஓம் ஸ்பீக்கரை அந்த 10 ஓம் ரேடியோவில் மாட்டினால் ஒலி வரும், ஆனால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் அளவுக்கு மீறிச் சூடாகும். ஜெர்மானியம் என்ற தனிமத்தால் ஆன அந்தப் பழைய டிரான்சிஸ்டருக்கு மாற்று தேடுவது கடினம். ஸ்பீக்கர் இல்லாமல் எந்த ரேடியோவையும் இயக்கிப் பார்க்கக் கூடாது. வால்வு ரேடியோவில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரும், டிரான்சிஸ்டர் ரேடியோவில் வெளியீட்டு டிரான்சிஸ்டரும் பழுதாகலாம். பழைய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருந்தால், சட்டத்தை வைத்துக்கொண்டு கூம்பை மட்டும் புதுப்பித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள்.

11. உள்ளே புதிய மின்னணுப் பகுதி வைப்பதென்றால்

மூன்றாவது நிலையைத் தேர்ந்தவர்கள் இரண்டு வழிகளில் போகலாம். பழைய சுற்று அப்படியே இருக்க, வெளி இசைக் கருவிக்கு ஓர் இணைப்பு மட்டும் சேர்ப்பது ஒன்று. பழைய சுற்றை எடுத்துவிட்டுக் கூட்டுக்குள் புதிய பலகை வைப்பது மற்றொன்று. முதல் வழியே எனக்கு ஏற்புடையது, ஏனெனில் அதை எந்தத் தடயமும் இல்லாமல் திரும்ப எடுத்துவிடலாம். இரண்டாவதுதான் வேண்டுமென்றால், ஏற்கெனவே உள்ளே பழுதாகி மீட்க முடியாத ரேடியோவைத் தேடி அதில் செய்யுங்கள். இயங்கும் ரேடியோவைக் குடைந்து எடுக்க வேண்டாம். எடுத்த பாகங்களைப் பெயரெழுதிப் பையிலிட்டுக் காரோடு வைத்திருங்கள்.

12. ஏரியலும் அதன் திருத்தமும்

ஏரியல் முழுவதும் நீண்டிருக்கும்போது ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் இருந்தால் பண்பலைக்கு உகந்தது. 100 மெகாஹெர்ட்ஸ் அலைநீளத்தின் கால்பங்கு அது. மத்திய அலைக்கு நீளம் கூடினால் நல்லது. கார் ஏரியலின் கம்பி குறைந்த கெப்பாசிட்டன்ஸ் உள்ள தனி வகை. நீளம் போதவில்லையென்று தொலைக்காட்சிக் கம்பியை வெட்டி ஒட்டினால் மத்திய அலையில் ஒலி பாதியாகிவிடும். ஏரியலின் அடிப்பகுதி பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் உட்கார வேண்டும், இல்லையேல் எர்த் கிடைக்காது.

எல்லாம் பொருத்திய பின், புதியவர்களில் பெரும்பாலோர் தவறவிடும் வேலை ஒன்று இருக்கிறது. ஏரியல் சாக்கெட் அருகிலோ, குமிழுக்குப் பின்னாலோ ஒரு சிறு திருகு இருக்கும். ஏரியலை முழுவதும் நீட்டி, 1400 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பலவீனமான நிலையம் ஒன்றைப் பிடித்து, ஒலி அதிகபட்சமாகும் வரை அந்தத் திருகை மெல்லத் திருப்புங்கள். பலமான நிலையத்தில் செய்தால் ரேடியோவின் தானியங்கி ஒலிச் சமநிலை வேறுபாட்டை மறைத்துவிடும். ரேடியோ மந்தமாக இருக்கிறது என்று பழுதுபார்க்க அனுப்பப்படுபவற்றில் பலவற்றுக்கு இந்தத் திருகைத் தவிர வேறு மருந்து தேவைப்படுவதில்லை.

13. இன்ஜின் இரைச்சலை அடக்குதல்

இரைச்சல் எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் பிரித்தறியுங்கள். இன்ஜின் ஓடும்போது ஏரியலைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது ஏரியல் வழியாக வருகிறது, நிற்காவிட்டால் மின்கம்பி வழியாக. இன்ஜின் வேகத்தோடு கூடும் படபடப்பு இக்னிஷனிலிருந்தும், வேகத்தோடு ஏறும் ஊளை டைனமோவிலிருந்தும் வருவது. கார் ஓடிக்கொண்டிருக்கையில் இன்ஜினை அணைத்து உருளவிட்டாலும் இரைச்சல் தொடர்ந்தால் முன்சக்கரங்களில் சேரும் நிலைமின்சாரமே காரணம். சக்கர மூடிக்குள் வைக்கும் சிறு சுருள்வில் அதைத் தீர்க்கும். ஸ்டியரிங் பூட்டு உள்ள காரில் சாவியை வெளியே எடுக்காமல், ஆளில்லாத நேரான சாலையில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

இக்னிஷனுக்கு, காயிலில் சாவியிலிருந்து மின்சாரம் வரும் முனையில் ஒரு கெப்பாசிட்டர் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் போட்டால் தீப்பொறி பலவீனமாகி இன்ஜினே தடுமாறும். டைனமோவுக்கு, தடித்த கம்பி உள்ள வெளியீட்டு முனையில்தான் கெப்பாசிட்டர். மெல்லிய கம்பி உள்ள ஃபீல்டு முனையில் போட்டால் ரெகுலேட்டரின் தொடுமுனைகள் தீய்ந்துபோகும். பானெட்டுக்கும் உடலுக்கும் இடையே ஒரு பின்னல் பட்டை போட்டு எர்த்தை உறுதிசெய்யுங்கள். கெப்பாசிட்டரின் உலோகப் பட்டையைத் திருகும் இடத்திலும் பெயின்டைச் சுரண்டிவிட்டே திருகுங்கள்.